ஏறினவங்க வந்து சொல்லணும்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கரண்ட் என்றால் பயம். கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருப்பவருக்குக் கரண்ட் என்றால் பயம் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் மெயினை அணைத்து, பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஸ்டூலில் ஏறுவார். வெள்ளைப் பீங்கான் கட்டை பையில் துருத்திக்கொண்டு நிற்கும்.

"மாமா, இது பல்பு. பாம்பு இல்ல."

"பாம்பு சீறும். இது சீறாதும்மா" என்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ ஒரு கிராமத்தில் லைன் வேலை நடந்தது. கூட்டாளி ஒருவர் கம்பத்தின் மேல் இருந்தார். கீழே இருந்த யாரோ "அவன் எறங்கிட்டான், போடலாம்" என்று சொல்ல, யாரோ போட்டுவிட்டார்கள். அவர் இறங்கியிருக்கவில்லை. இதற்கு மேல் மாமா அந்தக் கதையைச் சொல்லமாட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்: ஏறினவர் தன் வாயால் வந்து சொல்லாமல் லைனில் கரண்ட் விடக்கூடாது. பார்த்தேன் என்று இன்னொருவர் சொல்வதெல்லாம் கணக்கில் வராது.

எங்கள் திருவண்ணாமலை தீபத் திருவிழாவில் தேர் ஓடும் நாளன்று அந்தச் சட்டத்தின் அழகைப் பார்க்க வேண்டும். பெரிய தேர் மாட வீதியில் வரும்போது குறுக்கே போகிற கம்பிகளையெல்லாம் அவிழ்த்துவிட்டு, தேர் தாண்டியதும் மறுபடி இழுத்துக் கட்டுவார்கள். ஒரு வருஷம் தேர் தாண்டி வெகுநேரமாகியும் ஒரு தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பிரமுகர், "எல்லாரும் எறங்கிட்டாங்கய்யா, நானே பாத்தேன். போடு" என்று கத்தினார். மாமா டிரான்ஸ்ஃபார்மர் அடியில் பீஸ் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க பாத்தது சரிதாங்க. ஏறினவன் வந்து சொல்லட்டும்" என்றார். ஏறினவன் இறங்கி டீ குடிக்கப் போயிருந்தான். அவன் ஆற அமரக் குடித்துவிட்டு வந்து "எறங்கிட்டேண்ணே" என்று சொன்ன பிறகுதான் தெருவுக்கு வெளிச்சம் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே.

என் அக்கா இதற்கு நேர் எதிர். அவளுக்கு வாய் ஓயாது. அம்மா வீடு இருக்கிற கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினால் திருவண்ணாமலையில் இறங்குவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரி ஆகியிருப்பாள். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று எங்கள் அம்மா அவளைப் பார்த்துத்தான் சொல்வாள். மாமாவின் சட்டத்தையும் அவள் விட்டுவைக்கவில்லை. அடுப்பிலிருந்து குழம்பை இறக்கிவிட்டு, "ஏறினவ சொல்றேன், கொழம்பு எறங்கிடுச்சு. வந்து சாப்புடுங்க" என்று குரல் கொடுப்பாள். மாமா சிரிக்கமாட்டார். ஆனால் உடனே எழுந்து வருவார்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த சில வருஷங்களில் வேங்கிக்கால் பக்கம் ஓர் ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். அதனால் அவளுக்கு அந்த நோய் வந்ததைக் கூடவே இருந்து பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்கிறேனே தவிர, வந்தது எனக்குத் தெரியவே இல்லை. குழாயடியில் குடம் வைக்கிற இடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு சண்டை. அக்கா சண்டை போட்டால் மறுநாளே கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நிற்பாள். இந்த முறை போகவில்லை. அப்புறம் கோலம் போடவில்லை. அப்புறம் தலை சீவவில்லை. "என்னாச்சுக்கா?" என்று கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லடி" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஒண்ணுமே இல்ல" என்றாள். அந்த இரண்டாவது 'ஒண்ணுமே இல்ல'வைக் கேட்டதும் நான் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்.

காரணம் தேடாத சொந்தக்காரர் இல்லை. காத்து கருப்பு என்றார் ஒருவர். மாமியார் கொடுமை என்றார் இன்னொருவர். அவளுக்கு மாமியாரே இல்லை. வேலூருக்கு அழைத்துப் போய் மாத்திரை வாங்கி வந்தோம். மாதக்கணக்கில் கொடுத்தும் கேட்கவில்லை. அக்காவின் சின்ன மகளை எங்கள் அம்மா தன்னோடு ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள். பௌர்ணமியன்று மலை சுற்றி வந்தால் மனம் தெளியும் என்று யாரோ சொல்ல, மாமாவும் நானும் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் அவள் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. கண் எங்கேயோ இருந்தது.

எங்கள் ஊரில் தலைவிரி கோலமாய்ப் பேசாமல் உட்கார்ந்திருப்பது ஆபத்து, சாமியாராக்கி விடுவார்கள். நான் தண்ணீர் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அவள் முன்னால் இரண்டு வாழைப்பழமும் ஒரு முழம் பூவும் இருந்தன. வெளியூர்க்காரர் ஒருவர் கையில் திருநீற்றோடு குனிந்து நின்று, "அம்மா, பொண்ணுக்கு வரன் அமையணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "சாமி இல்லய்யா, எங்க அக்கா! ஒடம்பு சரியில்லாம ஒக்காந்திருக்கா" என்று கத்தினேன். அவர் அப்போதும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். மாமா ஒரு வேனைக் கைகாட்டி நிறுத்தி, அக்காவைத் தூக்கி உட்கார வைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டையும் விட்டாள். ஒரு வாய் கஞ்சிக்கு அரை மணி கெஞ்ச வேண்டும். ஒரு சாயங்காலம், "நான் இருந்து யாருக்கு இன்னா ஆவப்போவுது?" என்று தெளிவாகக் கேட்டாள். அதுவே கடைசி முழு வாக்கியம். அப்புறம் பேச்சும் நின்றது.

வேலூரிலிருந்து வாரத்தில் சில நாள் எங்கள் ஊர் நர்சிங் ஹோம் ஒன்றுக்கு ஒரு மனநல டாக்டரம்மா வருவார். ஒல்லியானவர். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்பார், கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். அக்காவைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டார்: இது மனச்சோர்வு நோயின் கடைசிப் படி, மாத்திரை வேலை செய்யும்வரை காத்திருக்க உடம்பில் தெம்பில்லை, தூங்க வைத்துவிட்டு மூளைக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுக்க வேண்டும்.

மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"கரண்ட்டா?"

"பயப்படாதீங்க. கம்மியான கரண்ட்தான், சில நொடிதான். மயக்க டாக்டர் கூடவே இருப்பார். அவங்களுக்கு வலியே தெரியாது."

"கம்மி கரண்ட்டுன்னு ஒண்ணு இல்லீங்கம்மா" என்றார் மாமா. "நான் பாத்திருக்கேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. வேறு டாக்டராக இருந்திருந்தால், "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டு வெளியே அனுப்பியிருப்பார். இவர் மாமாவை உள்ளே அழைத்துப்போய் அந்தப் பெட்டியையே காட்டினார். நெற்றியின் இரண்டு பக்கமும் எங்கே வைப்பார்கள், எப்படித் தானாக நிற்கும், வாயில் எதற்குத் துணி வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சில நாள் ஞாபக மறதி இருக்கும், சில ஞாபகங்கள் திரும்பாமலே போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. மாமாவுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் கையெழுத்துப் போடவில்லை.

"லைன்ல இருக்கிறது அவதாங்கம்மா. அவ சொல்லாம நான் எப்படிப் போடச் சொல்றது?"

"அவங்க பேசற நிலைமையில இல்லையே."

"அதனாலதாங்க பயமா இருக்குது."

வீட்டுக்கு வந்ததும் நான் அவரை உண்டு இல்லை என்று ஆக்கினேன். "உங்க சட்டத்தக் கொண்டுபோய் கம்பத்துல கட்டுங்க. எங்க அக்கா செத்துக்கிட்டு இருக்கா" என்றேன். அவர் டம்ளரில் தண்ணீர் எடுத்துப் போய் அக்காவின் வாயருகே வைத்தார். அவள் உதட்டைத் திறக்கவில்லை. தண்ணீர் தாடை வழியாக வழிந்து புடவையில் இறங்கியது. அதைத் துண்டால் துடைத்தார். மறுநாள் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டார்.

சிகிச்சை நாளன்று அக்காவை வெறும் வயிற்றோடு அழைத்துப் போனோம். நர்ஸ் அவளைப் பிடித்து மேஜையில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி டேப் ஒட்டினார். கதவு பாதி திறந்திருந்தது. நான் வாசலில் நின்றேன். மாமா வராந்தா மூலையில் உட்கார்ந்திருந்தார். மயக்க டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றப் போன நேரம், மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. விளக்கு அணைந்தது.

"கரண்ட் போச்சு" என்றார் நர்ஸ்.

திரும்பிப் பார்த்தேன். வராந்தா மூலையில் மாமா இல்லை. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பலகைக்கு ஓடினேன். பிடுங்கிய பீஸ் கட்டைகள் மாமாவின் சட்டைப் பையை அடைத்திருந்தன. பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"குடுங்க மாமா."

"குடுக்க மாட்டேன்."

டாக்டரம்மா வந்தார். நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். மாமா டாக்டரம்மாவைப் பார்த்து, "தப்புதாங்கம்மா. எனக்குத் தெரியுது. போலீஸக் கூப்புடுங்க. ஆனா ஏறினவங்க வந்து சொல்லாம என் கையால குடுக்க முடியாது" என்றார். ஒரு மனுஷன் அவ்வளவு முட்டாள்தனமாகவும் அவ்வளவு நேர்மையாகவும் ஒரே நேரத்தில் இருக்கமுடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்துகொண்டிருந்தாள். பதறிப்போன நர்ஸ் அவளுடைய ஊசிக் கையைத் தாங்கிக்கொண்டு கூடவே வந்தார். வாரக்கணக்காக எழுந்து நடக்காதவள். எலும்பும் தோலுமாக இருந்தாள். மாமாவுக்கு எதிரே வந்து நின்று, அவர் பையைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்ததால் வாயைத் திறக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது.

"ஏறினவ நான்தானே" என்றாள். மூச்சு வாங்கியது. "நான் சொல்றேன். போடுங்க."

மாமா அவளையே பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு கட்டையாக எடுத்துப் பலகையில் செருகினார். விளக்கு வந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க. அவங்க தூங்குற வரைக்கும் கையப் புடிச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு திட்டு இல்லை, புகார் இல்லை. அந்த அம்மாவை நான் இன்றைக்கும் மனசுக்குள் கும்பிடுகிறேன்.

ஒரே நாளில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. இடைவெளி விட்டு விட்டுப் போனோம். சில முறைக்குப் பிறகு ஒருநாள் காலையில் காபியை வாயில் வைத்தவள், "சக்கரை கம்மியா இருக்குதே" என்றாள். நான் டப்பாவையே அவள் முன்னால் வைத்தேன். மாமா அன்றைக்கு வேலைக்கு லேட்டாகப் போனார்.

டாக்டரம்மா சொன்னபடியே மறதியும் வந்தது. அந்த வருஷத் தீபம் அவளுக்கு ஞாபகமில்லை. பெண் ஏன் பாட்டி ஊரில் இருக்கிறாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொன்னோம். அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் குழாயடிச் சண்டையும் அதோடு சேர்ந்து மறந்துபோயிற்று. ஒருநாள் கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். அந்தம்மா திகைத்துப் போய், "இன்னாடி, எதுவுமே நடக்காத மாதிரி வந்து நிக்கிற?" என்று கேட்டுவிட்டு, ஒரு கொத்துக்கு நாலு கொத்தாக ஒடித்துக் கொடுத்தாள். கூடவே அழுதாளாம்.

மறந்துபோனவற்றில் அந்த மாடிப்படிக் காட்சியும் ஒன்று. தான் எழுந்து நடந்து வந்ததோ, 'போடுங்க' என்று சொன்னதோ அக்காவுக்குத் துளியும் நினைவில்லை. "நானா? இவரப் பீஸ் கட்டய மாட்ட வெச்சேனா? கத உடாதீங்க" என்று சிரித்தாள். அவள் வாழ்க்கையிலேயே செய்த பெரிய காரியம், எங்களுக்கெல்லாம் தெரியும், அவளுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லிச் சொல்லி அது மனப்பாடமாகிப்போய், விருந்தாளிகளிடம் அவளே நடித்துக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. மாமா அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார்.

பல வருஷம் நன்றாக இருந்தாள். மகளுக்குக் கல்யாணம் ஆனது, மாமா ஃபோர்மேன் ஆனார். நானும் கல்யாணமாகி அதே ஊரில் தனி வீட்டில் இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் நான் போயிருந்தபோது, மூவரும் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டு, "அது மறுபடி வருது" என்றாள். எங்களில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. அவள்தான் பார்த்தாள்.

"நான் பேச முடியாமப் போயிட்டா, என்னக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. இப்பவே சொல்லிட்டேன், போடச் சொல்லிடுங்க."

"போன வாட்டி சொன்னதே ஒனக்கு ஞாபகமில்ல" என்றார் மாமா மெல்ல.

"போன வாட்டி சொன்னது எவளோ. இப்ப சொல்றது நான்."

மறுநாளே அதே டாக்டரம்மாவிடம் போனோம். அவருக்குத் தலை நரைத்திருந்தது. இடமும் இப்போது பெரிய ஆஸ்பத்திரி. பேச்சுவாக்கில் அவர், வெளிநாடுகளில் கழுத்து நரம்பு ஒன்றில் கம்பி சுற்றி, நெஞ்சுத் தோலுக்கடியில் சின்னப் பெட்டி வைத்து, அடிக்கடி லேசாகத் தூண்டிவிடுகிற வைத்தியம் வந்திருக்கிறது என்றார். மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "பேட்டரிங்களா? எத்தன வருஷம் வரும்? மழையில நனையலாமா?" என்று அடுக்கினார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "அது நம்ம பக்கம் வர நாளாகும். அவங்களுக்குப் பழசே நல்லா கேட்டுது, அதையே செய்வோம்" என்றார். கரண்ட் என்றதும் எழுந்து நின்ற மனிதர், இப்போது கரண்டைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கேட்டதை அக்கா கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிகிச்சை நாள் வருவதற்குள் அவள் பேச்சு குறைந்துவிட்டது. ஆனாலும் தானே நடந்து உள்ளே போனாள். மாமா அவள் தூங்கும்வரை கையைப் பிடித்திருந்துவிட்டு வெளியே வந்தார். நான் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தேன். ஆளைக் காணோம்.

முதல் வேலையாக மீட்டர் பலகையைத் தேடி ஓடினேன். அங்கே இல்லை. காவலாளியைக் கேட்டேன், பின்பக்கம் கைகாட்டினார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சந்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. அதன் அடியில், வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாமா நின்றிருந்தார். எதிரே அவருடைய ஆட்கள் இருவர் கயிறும் ஏணியுமாகத் தயங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க என்ன மாமா பண்றீங்க?"

"இந்த லைன ஆஃப் பண்ண வந்திருக்காங்க. அப்புறம் பண்ணிக்கலாம், நில்லுங்கன்னேன்."

"உள்ள ஜெனரேட்டர் இருக்குது மாமா."

"இருக்கட்டும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "எவனாவது கிறுக்கன் வந்து பீஸ் கட்டயப் புடுங்கிட்டா?" என்றார்.

அந்தச் சந்தில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஓடி வந்து, "முடிஞ்சிடுச்சு மாமா, நல்லபடியா முடிஞ்சிடுச்சு. கண்ணத் தொறந்துட்டா. வாங்க" என்றேன்.

மாமா அசையவில்லை. ஆட்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அவரைத் தெரியும். சந்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்காவுக்குத் தலை தெளிந்து, காபி குடித்து, எழுந்து நிற்க வெகுநேரம் ஆயிற்று. எந்த ஊர், என்ன கிழமை என்று கேட்டாள். சொன்னேன். "அவரு எங்க?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்பக்க ஜன்னலுக்கு நடந்து போய், கம்பியைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏறினவ சொல்றேன். எறங்கிட்டேங்க."

மாமா தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆட்களைப் பார்த்து, "இப்ப ஆஃப் பண்ணிக்குங்கப்பா" என்றார்.